தேத்தண்ணியில் அவித்த குமிழ்

அடுப்பில் சின்னச் சட்டி. அதற்குள் கடுஞ்சாயத் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியால் கிண்டுவதும், தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதும், திரும்ப உள்ளே விடுவதுமாக நின்றேன். இவர் குசினிக்குள் வந்தார்.

"எனக்கும் ஒரு கோப்பை ஊத்தும்."

"இது குடிக்கிறதுக்கில்லை."

எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உள்ளுக்கு ஏதோ கிடக்கு?"

"குமிழ்."

"என்ன குமிழ்?"

"உங்கட லொறிக்குத்தான்."

இவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறந்த ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் மனிசிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த மாதங்களில் என்னைப் பார்த்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"இவர்" என்றால் என் கணவர் கனகசபை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில், கிரவீனில் நாங்கள் அப்போது வாடகைக்கு எடுத்த வீட்டின் கோழிக்கூட்டைப் பற்றிப் போன வாரப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். இன்றைக்குத்தான் முதன்முதல் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கொழும்பில் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து கோப்பு பார்த்தவர், சிட்னிக்கு வந்து லொறி ஓட்டினார். கந்தோர் வேலை கிடைக்கவில்லை. லொறி கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. எந்த வருடம் என்று கேட்காதீர்கள், எனக்கு வெயில்தான் ஞாபகம் இருக்கிறது.

கண் இருட்டின கதை

இப்போது வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனை விட்டு இறங்கினால் தோசைக்கல்லின் மணம் வருகிறது. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் ஒரு பச்சைமிளகாய் வாங்க முடியாது. ஆனால் வெயில் அன்றும் இதே வெயில்தான். கடற்காற்று நகரத்தோடு நின்றுவிடும். எங்கள் பக்கத்துக்கு வருவது உள்நாட்டிலிருந்து அடிக்கிற மேற்குக் காற்று. கொடியில் போட்ட சேலை, மறு தலைப்பை விரிக்கு முன்பே காய்ந்துவிடும்.

இவருடைய லொறி இங்கிலாந்தில் செய்தது. இவருடைய கைக்கு வரும்போதே அதற்கு வயது போய்விட்டது. குளிர் நாட்டுக்காரன் குளிர் நாட்டை நினைத்துச் செய்த வண்டி. எஞ்சின் பாதி, இருக்கைக்கு நடுவில் ஏறி இருக்கும். அந்தச் சூட்டோடு, பிளாக்டவுன் பக்கத்தில் கூரை ஓடு அடுக்கி விற்கிற ஒரு யார்ட்டில் ஓடு ஏற்றிக்கொண்டு, வீடு கட்டுகிற இடங்களுக்கெல்லாம் ஓடுவார்.

நான் குமிழ் அவித்ததற்கு முந்திய கோடையில் ஒரு நாள், பென்ரித் போகிற பாதையில் இவருக்குக் கண் இருட்டிவிட்டது. நல்ல காலம், லொறியை ஓரத்துக்கு எடுக்கிற அளவுக்கு நினைவு இருந்திருக்கிறது. பிறகு ஸ்ரியரிங்கில் தலை சாய்ந்துவிட்டார். பழக்கடைக்காரி ஒருத்தி வந்து தண்ணீர் ஊற்றி எழுப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சட்டையில் பீச்சம்பழத்தின் சாறு பட்டிருந்ததைக் கண்டு நான்தான் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன்.

"ஒண்டுமில்லையப்பா. கொஞ்சம் கண் இருட்டினது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, இவருடைய உடம்பு வெக்கையைத் தாங்குகிற உடம்பில்லை, இன்னொரு முறை மயங்கினால் லைசன்ஸைப் பற்றி யோசிக்க வேண்டி வரும் என்று சொன்னார். லைசன்ஸ் போனால் லொறி போகும். அதைவிட, மயங்குகிற நேரத்தில் லொறி ஓரத்தில் நிற்காவிட்டால் ஆளே போகும். டொக்டர் முதலாவதை மட்டும்தான் சொன்னார். இரண்டாவது எனக்கு விளங்கியது.

அன்றைக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலை செய்தது கார்களுக்கு ஹீற்றர் செய்கிற தொழிற்சாலையில். நாள் முழுக்க விசைப் பலகைகளில், விசையின் நுனியில் விரலால் பிடிக்கிற பிளாஸ்டிக் குமிழ் மாட்டுவதுதான் என் வேலை. நான் மாட்டிய குமிழெல்லாம் தலைகீழாகத் திரும்பி வரத் தொடங்கின. வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் குசினிக்கும் நடப்பேன். தெருவில் பெரிய வண்டி வந்தால் ஓடிப் பார்ப்பேன். அது குப்பை வண்டியாக இருக்கும்.

"என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி?" என்பார் இவர், வந்து இறங்கும்போது. சிரிப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபத்தில் சோற்றை அள்ளிப் போடுவேன்.

மானம் பெரிது

"லொறிக்கு ஏசி போடுங்கோ" என்றேன்.

அந்த நாளில் லொறிக்கு ஏசி என்பது கோழிக்குக் குடை பிடிப்பது மாதிரி. காரிலேயே பணக்காரனுடைய காரில்தான் இருக்கும். இவர் சிரிக்கவில்லை, முகம் சுருங்கிவிட்டது. ஏனென்று பிறகுதான் தெரிந்தது.

யார்ட்டில் ஒரு சாரதிப் பெடியன், பற்றறியில் ஓடுகிற ஒரு சின்ன விசிறியை டாஷ்போட்டில் பொருத்திக்கொண்டு வந்திருக்கிறான். பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து அவனுடைய பெயர் "சீமாட்டி". அவன் வந்தால் லொறிக் கதவைத் திறந்து குனிந்து வணங்குவார்களாம். ஒரு மாதத்தில் அவன் வேறு யார்ட்டுக்குப் போய்விட்டான்.

"எனக்கெண்டால் அதைவிடக் கூடச் சொல்லுவாங்கள்" என்றார் இவர். "வெயில் நாட்டில பிறந்தவன், உனக்கென்ன வெக்கை எண்டு இப்பவே கேக்கிறாங்கள்."

"கந்தோரில விசிறிக்குக் கீழ இருந்தனான் எண்டு சொல்லுங்கோவன்."

"சொல்லலாம். பிறகு ஏன் ஏசி எண்டு கேட்டால்? மயங்கினதைச் சொல்லவோ? றொன்னுக்குத் தெரிஞ்சால் அடுத்த நாளே லோட் இல்லை."

றொன் என்பவர் யார்ட்டின் மேலாளர். காலையில் யாருக்கு எந்த லோட் என்று சொல்லுவது அவர்தான். பெரிய உடம்பு, சின்னக் கண். கனகசபை என்ற பெயரை முதல்நாளே "கென்" ஆக்கியவரும் அவர்தான்.

ஆகவே பிரச்சினை இதுதான்: ஏசி இருக்க வேண்டும், இருப்பது தெரியக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

சென்சு கொண்டுவந்த பெட்டி

பக்கத்து வீட்டில் சென்சு என்று, மோல்ட்டாத் தீவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். எங்கள் பகுதியில் அப்போது தமிழரை விட மோல்ட்டாக்காரரின் கோழிகள்தான் அதிகம். இறைச்சிக் கடைகளின் குளிர் அறைகளைத் திருத்துவது அவருடைய தொழில். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேலிக்கு மேலால் நன்றாகவே ஒத்துப்போகும்.

லொறிக்கு ஏசி போட முடியுமா என்று கேட்டதும் உற்சாகமாகி, அடுத்த சனிக்கிழமையே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டாஷ்போட்டுக்குக் கீழே தொங்கவிடுகிற பெட்டி. முன்பக்கம் மரம் மாதிரித் தாள் ஒட்டி, வெள்ளி நிறத்தில் காற்று வருகிற வாய்கள்.

"நல்ல வடிவு!" என்றார் சென்சு.

இவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதைத் தொங்கவிடுறதும், நெத்தியில எழுதி ஒட்டுறதும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சென்சுவுக்கு அது தமிழ், விளங்கவில்லை. முகம் விளங்கியது. பெட்டியை வேலியில் சாத்திவிட்டு, "உன் புருஷனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"ஏசி வேண்டும். ஆனால் லொறி பிறக்கும்போதே கூடப் பிறந்தது போல இருக்க வேண்டும்."

சென்சு சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் ஓடின.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரே யோசனை. வேலையில் என் கை குமிழ் மாட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று நான் மாட்டிக்கொண்டிருந்த பலகையையே பார்த்தேன். ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் சிவப்பு. விசையை இழுத்தால் சூடு. இதே மாதிரிப் பலகை எங்கள் லொறியிலும் இருந்தது. குளிர் நாட்டு வண்டி அல்லவா, ஹீற்றரோடு வந்தது. அதன் குழாய் ஒழுகுகிறது என்று பழைய சொந்தக்காரன் வெட்டி அடைத்துவிட்டான். நாங்கள் வாங்கிய நாளிலிருந்து அந்த விசைகளை ஒருவரும் தொட்டதில்லை.

அன்று பின்னேரம் வேலிக்கு ஓடினேன். "சென்சு, ஹீற்றரின் வயிற்றில் இருக்கிற சுருளை எடுத்துவிட்டு, உன் பெட்டியின் குளிர்ச் சுருளை அதற்குள் வைக்க முடியாதா? அதே விசிறி, அதே குழாய், அதே விசை."

சென்சு தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "முடியும். உள்ளே போவது சூடா குளிரா என்று குழாய்க்குத் தெரியாது."

தேத்தண்ணிச் சாயம்

சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டு வளவில் வேலை நடந்தது. கார் உடைக்கிற இடத்திலிருந்து ஒரு பெரிய காரின் கொம்பிரசரை சென்சு கொண்டுவந்து எஞ்சினோடு பட்டி போட்டுச் சுற்றவிட்டார். ஏசியின் சூட்டை வெளியே விட ரேடியேற்றருக்கு முன்னால் வைத்த தட்டு தெரியாதபடி கறுப்பு மை பூசினோம். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். அது காட்டிக்கொடுக்கும் என்று, ரேடியேற்றர் வழக்கமாக ஒழுகுகிற இடத்துக்கே அந்தக் குழாயையும் கொண்டுபோய் விட்டார். அவருக்கும் இப்போது இந்தக் கள்ளத்தனம் பிடித்துப்போய்விட்டது.

விசைப் பலகையில் மூன்று விசைகள் இருந்தன. ஒன்று சூட்டுக்கு, ஒன்று விசிறிக்கு, ஒன்று காற்றைக் காலடிக்கு விடுவதா கண்ணாடிக்கு விடுவதா என்பதற்கு. நாலாவது இடம் ஒரு மூடியால் அடைபட்டிருந்தது. அந்த இடத்தில்தான் கொம்பிரசரை ஓடவைக்கிற விசை வர வேண்டும். கம்பி சரி, தண்டு சரி. குமிழ்தான் சரிவரவில்லை.

தொழிற்சாலையில் கழித்துப் போட்ட குமிழ்ப் பெட்டியிலிருந்து ஒன்று எடுக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். எத்தனை வேண்டுமானாலும் எடு என்றார். அளவு பொருந்தியது. ஆனால் அது பால் வெள்ளை. பழைய மூன்றும் வெயில் பட்டுப் பழுத்து மஞ்சளாகிப்போயிருந்தன. கிழவர்களின் பல் வரிசையில் ஒரு பால்பல் மாதிரி பளீரென்று நின்றது.

றொன்னின் சின்னக் கண்ணுக்கு அது போதும்.

என் வெள்ளைச் சேலையில் தேத்தண்ணி பட்டுச் சாயம் போகாமல் நின்ற ஞாபகம் வந்தது. பிறந்த நாட்டுத் தேயிலை. அதன் சாயத்தை எனக்கா சொல்லித்தர வேண்டும்? அதனால்தான் அன்றைக்குக் குசினியில் குமிழை அவித்தேன். முதல் கொதியில் நிறம் காணாது, வெளிறித்தான் இருந்தது. மூன்றாம் கொதியில் இவரைக் கூப்பிட்டுப் பழையதையும் புதியதையும் கையில் கொடுத்தேன். எது எது என்று இவருக்குத் தெரியவில்லை.

அன்றுதான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

வளவில் வைத்துச் சோதித்தோம். விசிறியைப் போட்டுப் புதுக் குமிழை இழுக்க, காலடியில் குளிர் வந்தது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். லொறிச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டினோம்.

அந்தப் பிள்ளையாரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். லொறி வாங்கிய நாளிலிருந்து அவர் டாஷ்போட்டின் மேல், கண்ணாடியை ஒட்டி இருந்தார். பக்கத்தில் திருநீற்று டப்பா. இவர் காலையில் ஏறியதும் ஒரு பிடி எடுத்து நெற்றியில் மூன்று கோடு இழுப்பார். கையில் மிஞ்சியதைக் கீழே உதறக் கூடாது என்று பிள்ளையாரின் காலடியில் தட்டிவிடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. அந்த இடத்தில் ஒரு நீளமான துவாரம் இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

நனைந்த சட்டை

முதல் வாரங்கள் நன்றாகப் போயின. வெயிலில் கண்ணாடி ஏற்றி ஓட்டினால் சந்தேகம் வரும் என்று, யார்ட்டுக்கு ஒரு தெரு முன்பே லொறியை நிறுத்தி ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்குவார். வேர்வை இல்லாமல் போனாலும் பிழை. போத்தல் தண்ணீரைச் சட்டையின் கமக்கட்டில் தெளித்துக்கொள்வார்! கந்தோரில் தலை சீவிய மனிசன், வேர்த்த வேஷம் போட்டுக்கொண்டு லோட் எடுக்கப் போனார்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. ஏசி பழுதானால்? பட்டி அறுந்தால்? வெட்கத்துக்கு அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோனால்? குளிர்ப்பெட்டி செய்து கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, கடைக்கு இறக்கிவிடுங்கோ என்று சாக்குச் சொல்லி லொறியில் ஏறினேன். யார்ட்டில் ஓடு ஏற்றி முடிய, றொன் வந்து கதவைத் திறந்தார்.

"கென், என் வண்டி படுத்துவிட்டது. நீ போகிற இடத்துக்கு நானும் வரவேண்டும். தள்ளி இருங்கள், மிஸிஸ் கென்."

நான் நடுவில், எஞ்சின் மேட்டின் மேல். ஒரு பக்கம் இவர், மறு பக்கம் அந்தப் பெரிய உடம்பு. இவர் ஏசியைப் போடவில்லை.

பாதி வழியில் புழுக்கம் கூடி, மழை கொட்டத் தொடங்கியது. கண்ணாடிகளை ஏற்றினோம். மூன்று பேரின் மூச்சிலும் முன்கண்ணாடி பால் மாதிரி ஆகிவிட்டது. இவர் துணியால் துடைக்கத் துடைக்க, திரும்பப் படிந்தது. நான் தெருவைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை. காது மடல் வெளுத்துக்கொண்டு வந்தது. பின்னால் லொறி நிறைய ஓடு.

"என்ன செய்யுது?" என்றேன் தமிழில்.

"பேசாம இரும்."

குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவ்வளவுதான், மானமாவது மண்ணாங்கட்டியாவது! கையை நீட்டித் தேத்தண்ணிக் குமிழை இழுத்தேன்.

அதே நேரத்தில் றொன்னும் கையை நீட்டினார். "கண்ணாடிக்குக் காற்று விடு, கென். இதே லொறியை நானும் ஓட்டியிருக்கிறேன்" என்று, காற்று விசையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, விசிறியை முழுக்க ஏற்றிவிட்டார். எல்லாம் பழையபடியே இருந்ததால், எந்த விசை எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லொறிக்குள் ஒரு வெள்ளை மேகம் எழும்பியது.

எத்தனை காலத்துத் திருநீறு! பிள்ளையாரின் காலடித் துவாரத்தால் இறங்கி, குழாய் முழுக்கப் படிந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான் இருமினேன். இவர் இருமினார். ஒரு நிமிடத்துக்குள் முன்கண்ணாடி தெளிந்து பாதை தெரிந்தது. எங்கள் முகங்கள்தான் தெரியவில்லை. றொன்னுக்கு இமை, மீசை, கை மயிர் எல்லாம் வெள்ளை. நல்லூர்த் திருவிழாவில் விட்டிருந்தால் யாராவது ஒரு தேவாரம் பாடச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

றொன் மெதுவாக முகத்தைத் தடவினார். பிறகு காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையைப் பிடித்தார். அந்தக் கை நெடுநேரம் அங்கேயே இருந்தது.

"கென், இது குளிர்."

இவருடைய முகத்தில் இரத்தம் திரும்பி வந்திருந்தது. அதோடு பொய்யும் வந்தது.

"என் மனைவிக்காக" என்றார் ஆங்கிலத்தில், தெளிவாக. "அவளுக்கு வெக்கை தாங்காது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை! குமிழ் அவித்தவள் நான், கண் விழித்தவள் நான், கடைசியில் சீமாட்டியும் நானா? ஆனால் திரும்பிப் பார்த்தால் இவர் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்து நேராக ஓட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சீமாட்டி

வீடு கட்டுகிற இடத்தில் மழை விட்டிருந்தது. இவர் கயிறு அவிழ்க்கப் பின்னால் போனார். றொன் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே இருந்தேன். கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து, குளிரில் பல்லோடு பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"வெக்கை தாங்காத ஆளுக்கு இப்படிப் பல் கிட்டுமா, மிஸிஸ் கென்?"

நான் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்கள் அந்த விசையை இழுத்தபோது அவனுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றார். பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு, "என் தம்பியும் லொறிதான் ஓட்டினான்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். "ஓட்டினான்" என்றார். ஓட்டுகிறான் என்று சொல்லவில்லை. அந்தத் திருநீறு பூசின முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

லோட் போய்விட்டது என்று நினைத்தேன். ஞாயிறு முழுக்க வாசலுக்கும் குசினிக்கும் நடந்தேன். திங்கட்கிழமை பின்னேரம் இவர் வந்து சாவியை மேசையில் எறிந்தார்.

"பாரும், இந்த அநியாயத்தை! றொன் எல்லாருக்கும் முன்னால வைச்சுச் சொல்லுறான், வெயில் ஏறுற நாளில சீமாட்டி ஏறாமல் என்ர லொறிக்கு ஓடு ஏத்த மாட்டானாம். உமக்காகத்தான் ஏசி எண்டு சொன்னது இப்ப என்ர தலையில விடிஞ்சிருக்கு. யார்ட் முழுக்கச் சிரிப்பு!"

"உங்களைப் பாத்தோ சிரிச்சவங்கள்?"

"இல்லை. உம்மை."

"அப்ப சரி" என்றேன்.

கிறிஸ்மஸுக்கு என் தொழிற்சாலையை மூடுவார்கள். திறக்க ஜனவரி போய்விடும். உச்ச வெயில் காலம் அதுதான். அந்தக் காலம் முழுக்க நான் லொறியில் போனேன். மற்ற வெயில் நாள்களில் இவருக்குக் காலையில் வெள்ளென லோட் கொடுத்து, மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் றொன். சீமாட்டி வராத நாளில் யார்ட்டில் சோபை இல்லை என்று காரணம் சொல்லுவாராம். நான் போன நாளில் சாரதிகள் கதவைத் திறந்து குனிந்து வணங்குவார்கள். நானும் தலையை அசைப்பேன், வஞ்சகமில்லாமல். வெளியே தார் உருகும். உள்ளே நான் கம்பளிச்சட்டை போட்டு, சால்வையால் காதை மூடிக்கொண்டு, இவருடைய காது மடலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பல்லுக் கிட்டும். ஆனால் மனம் ஓரிடத்தில் இருந்தது. அப்படி நான் இருந்தது வாழ்க்கையில் மிகக் கொஞ்சக் காலம்தான்.

றொன்னுக்கு எல்லாம் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. ஏசி மனிசிக்காக என்று சொல்லி யார்ட்டையே தான் ஏமாற்றிவிட்டதாக இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். நான் ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரப் பத்திரிகை வந்ததும் வழக்கம்போல இவர்தான் முதலில் எடுத்துக்கொண்டு கதிரையில் சாய்வார். கண்ணாடியைத் துடைத்து, என் பக்கத்தைப் புரட்டி, எழுத்துப் பிழை பிடிக்கத் தொடங்குவார். இந்த இடத்துக்கு வரும்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

பத்திரிகை வர இன்னும் நாள் இருக்கிறது. நான் இப்போதே வாசலுக்கும் குசினிக்கும் நடக்கத் தொடங்கிவிட்டேன்.